காடு பழக்கம், வாகனம்தான் புதிது: கனடா வந்த மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு

"காசக் குடுத்துக் காட்டுக்க போய்ப் படுக்கிறயா மனே?"

கனடாவில் முதல் தடவை ஒரு மோட்டர் ஹோமை, அதாவது படுக்கையும் குசினியும் கக்கூஸும் உள்ளேயே இருக்கிற வாகனத்தை, வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு மூன்று இரவு காட்டில் தங்கிவிட்டு வந்து, கல்லடிக்கு போன் எடுத்துச் சொன்னபோது அம்மா கேட்டது இது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. படுவான்கரையில் எங்களுக்கு வயல் இருந்தது. வேளாண்மை விளையும் காலத்தில் அப்பா வாடியில்தான் கிடப்பார். யானை வந்தால் பரணில் இருந்து கூக்குரல் போடுவார். அதற்கு யாரும் காசு வாங்கவில்லை.

இப்போது நான் ஊரோடு வந்துவிட்டேன். ஆனாலும் கேள்விகள் விடவில்லை. களுவாஞ்சிகுடியிலிருந்து போய் ஸ்கார்புரோவில் இருக்கும் மருமகள் வாட்ஸ்அப்பில் குரல்செய்தியாக அனுப்பித் தள்ளுகிறாள். அவளும் கல்முனை, திருக்கோவில் பக்கத்துச் சிநேகிதிகளும் சேர்ந்து, குடும்பங்களோடு ஜூலையில் ஒன்ராறியோ மாகாணப் பூங்காவான அல்கொங்குவின் காட்டுக்குப் போகப் போகிறார்களாம். அவளுக்குச் சொன்னதையே மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. காட்டைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டுவழியே நடந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! குமுக்கன் ஆற்றைக் கடந்து, நாவலடி, வியாழை என்று தங்கித் தங்கிப் போனவர்களுக்குத் தண்ணீரை அளந்து குடிக்கத் தெரியும், இருட்டுமுன் படுக்க இடம் பார்க்கத் தெரியும், சாப்பாட்டை மூடிக் கட்டத் தெரியும். கனடாக் காட்டிலும் அதே பழக்கம்தான் கை கொடுக்கும். தடுக்கி விழுவது வாகனத்திலும் விதிகளிலும்தான்.

இடம் பிடிப்பது

அல்கொங்குவின் 1893இல் பாதுகாக்கப்பட்ட காடு. பரப்பு ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீற்றர். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களையும் சேர்த்தாலும் அதைவிடச் சிறிது. ஆனால் நினைத்த இடத்தில் வாகனத்தை விட்டுத் தங்க முடியாது. 60ஆம் இலக்க நெடுஞ்சாலை காட்டுக்குள்ளே 56 கிலோமீற்றர் ஓடுகிறது. மோட்டர் ஹோமோடு போகிறவர்கள் தங்கும் முகாம்கள் பெரும்பாலும் அந்தச் சாலையை ஒட்டியவை. ஒவ்வொரு முகாமிலும் இலக்கமிட்ட இடங்கள் இருக்கும். உங்கள் இலக்கத்தில்தான் நிறுத்த வேண்டும்.

ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் 5 மாதம் முன்கூட்டியே பதியலாம். காலை 7 மணிக்குத் திறக்கும். ஜூலை 20க்கு வேண்டும் என்றால் பெப்ரவரி 20 காலை 7 மணிக்கு மடிக்கணினி முன்னால் இருக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் வார இறுதி இடங்கள் போய்விடும். மருமகள் பதிந்த அன்று எனக்குக் கல்லடியில் பின்னேரம் ஐந்தரை. தேத்தண்ணியோடு இருந்து, அவள் போனில் "போச்சு, போச்சு" என்று கத்துவதையும் பிறகு "கிடைச்சிட்டு மாமா!" என்றதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பதியும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, கரண்ட் உள்ள இடமா என்பது. டூ ரிவர்ஸ், மியூ லேக் போன்ற முகாம்களில் சில இடங்களுக்கு மட்டும் கரண்ட் உண்டு. மற்றது, வாகனத்தின் நீளம். 25 அடி வாகனத்தை எடுத்துவிட்டுச் சிறிய கூடாரம் அடிக்கும் இடத்தைப் பதிந்தால் வாசலிலேயே அழ வேண்டியதுதான்.

ஒரே குடும்பம் இல்லையென்றால் ஓர் இடத்தில் 6 பேருக்கு மேல் தங்க முடியாது. நம் சனத்துக்கு இது கஷ்டம். கோயில் திருவிழாவுக்குப் போவதுபோல மூன்று வேன் ஆட்கள் ஓர் இடத்தில் இறங்கினால் காவலர் வந்து நிற்பார். பக்கத்துப் பக்கத்து இலக்கங்களாக இரண்டு மூன்று எடுங்கள். இரவில் பாட்டுப் போட்டு ஆடுகிற எண்ணம் இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். சில முகாம்களில் பகலில்கூட ரேடியோவுக்குத் தடை.

மே கடைசியிலும் ஜூனிலும் போகாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். கறுப்பு ஈ என்று ஒன்று இருக்கிறது. நம் நுளம்பு அதற்கு முன்னால் நல்ல பிள்ளை. காதுக்குப் பின்னால் கடித்து இரத்தம் வரவைக்கும். ஜூலை நடுப்பகுதிக்குப் பிறகு பரவாயில்லை. ஆனால் ஓகஸ்டிலும் இரவில் குளிரும். போர்வை வேண்டும்.

வாகனம்

வாடகைக்குக் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் முழு ஜி லைசன்ஸ், அதாவது ஒன்ராறியோவில் கார் ஓட்டுகிற முழு லைசன்ஸ், கேட்பார்கள். 11,000 கிலோ வரையான வாகனத்தை அதோடு ஓட்டலாம், தனி லைசன்ஸ் வேண்டியதில்லை. விலை பார்க்கும்போது ஒரு நாள் வாடகையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். காப்புறுதி, கிலோமீற்றர் கணக்கு, ஜெனரேட்டர் ஓடிய மணித்தியாலம் எல்லாம் தனித்தனி. பெற்றோலும் 100 கிலோமீற்றருக்கு 20 லீற்றருக்கு மேல் குடிக்கும்.

வாகனத்தைக் கையில் தரும்போது ஒரு பையன் வந்து கடகடவென்று எல்லாம் காட்டுவான். அவன் சொல்வதில் பாதி மண்டைக்குள் போகாது. போனில் வீடியோ எடுங்கள். வெளிப்பக்கத்தையும் சுற்றிவரப் படம் எடுங்கள். ஒரு தடவை வெயில் மறைப்புப் படங்கில் இருந்த பழைய கிழிசலுக்கு ஒரு வாடகைக் கம்பனி என்னிடம் காசு கழித்தது. என்னிடம் படம் இல்லை. வாய் மூடிக்கொண்டு கொடுத்துவிட்டு வந்தேன்.

ஓட்டுவது பெரிய வித்தை இல்லை. உயரத்தை மட்டும் மறக்காதீர்கள். 11, 12 அடி உயரத்தோடு கோப்பிக் கடையின் வாகன வரிசைக்குள் நுழைந்து, முன்னால் தொங்கும் இரும்புச் சட்டத்தைப் பார்த்து, பின்னால் நிற்கும் நாலு கார்களையும் பின்னுக்கு எடுக்கச் சொல்லிக் கெஞ்சியவன் நான். பின்னுக்கு எடுக்கும்போது ஓர் ஆள் இறங்கிக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்று கை காட்ட வேண்டும். மரங்கள் கீழே மட்டுமல்ல, மேலேயும் இருக்கின்றன.

கரண்ட் விஷயத்தில் ஒரு கணக்கு. முகாமில் 30 அம்பியர் பிளக் என்றால் 120 வோல்ட்டில் 3,600 வொட். ஏசி ஓடுகிறது, கேத்தல் கொதிக்கிறது, அதற்கிடையில் றைஸ் குக்கரையும் போட்டால் டப் என்று எல்லாம் நிற்கும். ஒவ்வொன்றாகப் போடுங்கள். அம்மா தந்தனுப்பிய றைஸ் குக்கரைக் கொண்டுபோகாதீர்கள். அது ஊர்க் கரண்டுக்கு, 230 வோல்ட்டுக்குச் செய்தது. அங்கே அரிசி ஊறுமே தவிர வேகாது. கரண்ட் இல்லாத இடம் என்றால் பற்றரியில் லைட்டும் தண்ணீர்ப் பம்பும் ஓடும், பிரிட்ஜ் பல வாகனங்களில் கேஸில் ஓடும், அவ்வளவுதான்.

சமைப்பதை வெளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே குசினி இருக்கிறது, வடிவாகத்தான் இருக்கும். ஆனால் கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்த மறுகணம் புகை அலாரம் கத்தும். மறுகா துவாயை எடுத்து விசிறிக்கொண்டு நிற்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் மர மேசையும் நெருப்புக் கிடங்கும் உண்டு. இரண்டு அடுப்புள்ள கேஸ் ஸ்டவ் ஒன்று போதும். கரி அடுப்பை மட்டும் எந்தக் குளிருக்கும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. அதிலிருந்து வரும் வாயுவுக்கு மணமில்லை, ஆளைக் கொன்றுவிடும்.

விறகை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகாதீர்கள். காட்டில் பொறுக்கவும் கூடாது. இது நமக்கு விளங்காத சட்டம். விழுந்து கிடக்கிற கொப்பை எடுத்தால் என்ன என்றுதான் நானும் கேட்டேன். காரணம் ஒரு வண்டு. மரகத நிறத்தில் மினுங்கும், ஆஷ் மரத்தைத் துளைக்கும். கனடாவில் 2002இல் வின்ட்சர் பக்கம் முதலில் கண்டுபிடித்தார்கள். அதன் புழு பட்டைக்குக் கீழே இருந்துகொண்டு விறகோடு விறகாக ஊர் ஊராகப் போகிறது. விழுந்த கொப்பும் உக்கி அந்தக் காட்டுக்கே உரமாக வேண்டுமாம். ஆகவே முகாமிலேயே விறகுக் கட்டு வாங்குங்கள். விலை எரிச்சல் தரும். வாங்குங்கள்.

கரடியும் கருவாடும்

மருமகளின் முதல் கேள்வியே "மாமா, கரடி வருமா?" என்பதுதான். வரலாம். அங்கே இருப்பது கறுப்புக் கரடி. நம் குமண, யால காட்டுக் கரடி அளவுக்குச் சண்டைக்காரன் இல்லை. அதற்கு வேண்டியது உங்களை அல்ல, உங்கள் சாப்பாட்டை. சாப்பிட்ட கோப்பை, பால் டின், பற்பசை, நாய்ச் சாப்பாடு எதுவும் இரவில் வெளியே கிடக்கக் கூடாது. எல்லாம் வாகனத்துக்குள், கதவு பூட்டி. சீலைச் சுவர் உள்ள மடக்கு ட்ரெயிலர் எடுத்திருந்தால் சாப்பாட்டைக் காரின் டிக்கிக்குள் வையுங்கள். மிஞ்சிய சோற்றைக் காகத்துக்கு வைப்பதுபோல மரத்தடியில் போடாதீர்கள். முதலில் வருவது ரக்கூன், அதன் பின்னால் வருவது யார் என்று சொல்ல முடியாது.

கண்டால் ஓடக் கூடாது. முகத்தைத் திருப்பாமல் மெல்ல மெல்லப் பின்னால் வந்து, சத்தம் போட வேண்டும். யாத்திரையில் போடுகிற "அரோகரா" போதுமான சத்தம்.

கூனியும் கருவாடும் கொண்டுபோகலாமா என்றும் கேட்டாள். கூனியை வீட்டிலேயே வறுத்துச் சம்பலாகப் போத்தலில் அடைத்துக்கொண்டு போகலாம். கருவாட்டை அங்கே பொரிப்பது சரிவராது. மூன்று முகாமுக்கு அப்பால் இருக்கிற வெள்ளைக்காரரும் எழும்பி வருவார்.

வாவி கண்டவுடன் மீன் பிடிக்கத் தோன்றும். 18 முதல் 64 வயது வரையானவர்களுக்குத் தூண்டிலுக்கே லைசன்ஸ் வேண்டும். வலை என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.

தண்ணீரும் மற்றதும்

கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக் குளித்தவர்களுக்கு இதுதான் பெரிய பாடம். சின்ன வாகனங்களில் சுடுதண்ணீர்த் தாங்கி பெரும்பாலும் 6 கலன், 23 லீற்றர் மட்டில்தான். நீளமான தலைமயிர் உள்ள ஒருவர் முழுகினால் முடிந்தது. மற்றவர் பச்சைத் தண்ணீரில் கத்துவார். முகாமில் பொதுக் குளியலறை இருக்கிறது, அங்கே போய்க் குளியுங்கள். செருப்போடு போங்கள்.

வாகனத்துக்கு அடியில் மூன்று தாங்கி. ஒன்றில் நல்ல தண்ணீர். இரண்டாவதில் கை கழுவிய, கோப்பை கழுவிய தண்ணீர். சாம்பல் தாங்கி என்பார்கள். மூன்றாவது கக்கூஸ், கறுப்புத் தாங்கி. நாம் தண்ணீர் பாவிக்கிற ஆட்கள் என்பதால் கறுப்புத் தாங்கி சீக்கிரம் நிரம்பும். அதற்காகக் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். தண்ணீர் குறைந்தால் கட்டிபட்டு, திறக்கும்போது இறங்காது. உள்ளே கரைகிற கடதாசி மட்டும் போடுங்கள். பலகையில் சிவப்பு லைட் வந்தால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒன்ராறியோப் பூங்காக்களில் கழிவுக் குழாய் உங்கள் இடத்துக்கு வருவது மிகக் குறைவு. வெளிக்கிடும்போது வாசல் பக்கத்தில் இருக்கும் கழிவு இறக்கும் இடத்துக்குப் போக வேண்டும். நிலத்தில் மூடியோடு ஒரு துவாரம், பக்கத்தில் ஒரு பைப்.

என் முதல் தடவை, ஞாயிறு பகல். பின்னால் நாலு வாகனம் காத்து நிற்கிறது. குழாயை வாகனத்தின் வாயில் செருகினேன், திருகிப் பூட்டவில்லை. அது கொளுவிக்கொண்டதுபோலத்தான் இருந்தது. கைப்பிடியை இழுத்தேன். குழாய் கழன்று பாம்பு மாதிரித் துள்ளியது. மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. காலில் செருப்பு மட்டும்தான். மனைவி ஒன்றும் சொல்லாமல் உள்ளே இருந்து யன்னலைச் சாத்தினா. பின்னால் நின்ற நரைத்த மனிதர் இறங்கி வந்து, கைப்பிடியைத் தள்ளி மூடி, தன் பெட்டியிலிருந்து ஒரு சோடி றப்பர் கையுறையை எடுத்துத் தந்தார். சிரிக்கவில்லை. அவர் காட்டித் தந்த ஒழுங்கு இதுதான். கையுறை போடு. குழாயைச் செருகித் திருகு, இழுத்துப் பார். மறுமுனையைத் துவாரத்துக்குள் ஆழமாக விட்டுக் கல் ஒன்று வை. முதலில் கறுப்பைத் திற, முழுவதும் இறங்கியபின் மூடு. அதன் பிறகு சாம்பலைத் திற. அந்தத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். அங்கே இருக்கிற பைப் கழுவ மட்டும். குடிநீர் நிரப்புகிற பைப் வேறு இடத்தில், எழுதியிருக்கும்.

கையுறை இரண்டு சோடி கொண்டுபோங்கள். பிற்பகல் 2 மணிக்குள் இடத்தை விட வேண்டும் என்பதால் ஞாயிறு பகல் அந்த வரிசை நீளும். காலை ஒன்பதுக்கே போனால் தப்பலாம். பிள்ளைகளை எழுப்பி அவ்வளவு வெள்ளென வெளிக்கிட முடியாது என்றால், பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு வரிசையில் நில்லுங்கள். முன்னால் நிற்பவர் குழாயைத் திருகாமல் செருகினால் இறங்கிப் போய்ச் சொல்லுங்கள்.