பட்டை வரைபடம்: உயரத்தைப் பார்த்து ஏமாறாமல் இருக்க

ஒரு கிராஃப் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆண்கள் 3,61,37,975 பேர், பெண்கள் 3,60,09,055 பேர். இவர்களுக்குப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பட்டை வரைய வேண்டும், அவ்வளவுதான்.

கீழ்க்கோட்டைப் பூஜ்யமாக வைத்து, ஒரு சென்டிமீட்டருக்கு 25 லட்சம் பேர் என்று வரைந்தால் இரண்டு பட்டையும் பதினான்கரை சென்டிமீட்டரை ஒட்டி நிற்கும். வித்தியாசம் அரை மில்லிமீட்டர். பென்சில் முனை கொஞ்சம் மழுங்கியிருந்தால் அதுவும் தெரியாது. இப்போது கீழ்க்கோட்டில் பூஜ்யத்தை அழித்துவிட்டு 3.60 கோடி என்று எழுதுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு 10,000 பேர் என்று வைத்து வரையுங்கள். ஆண்கள் பட்டை கிட்டத்தட்ட 14 சென்டிமீட்டர் எழும்பும். பெண்கள் பட்டை ஒரு சென்டிமீட்டரைக்கூடத் தொடாது. எண் எதுவும் மாறவில்லை, ஆனால் கண்ணுக்குப் பதினைந்து மடங்கு. உண்மையான வித்தியாசம் 1,28,920 பேர். அரை சதவீதம்கூட இல்லை.

நாம் செய்யும் முதல் தவறு இதுதான்: பட்டையின் தலையைப் பார்க்கிறோம், காலைப் பார்ப்பதில்லை. கோட்டு வரைபடத்தில் ஏற்ற இறக்கம்தான் செய்தி என்பதால் அங்கே பூஜ்யம் கட்டாயமில்லை. பட்டையில் நீளம்தான் செய்தி. காலை வெட்டினால் செய்தியே மாறிவிடும். வரைகிறவர்கள் எல்லாரும் வேண்டுமென்றே வெட்டுகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. எண்கள் நெருக்கமாக இருந்தால் எக்செல் தானாகவே அச்சை, அதாவது அளவுக்கோட்டை, பூஜ்யத்தில் இல்லாமல் மேலே எங்கோ ஆரம்பித்துவிடும். அவசரத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை.

அடுத்தது சதவீதம். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஆண்களின் எழுத்தறிவு 86.77 சதவீதம், பெண்களுடையது 73.44. கழித்தால் 13.33 வருகிறது. உடனே 'பெண்கள் 13 சதவீதம் குறைவு' என்று எழுதிவிடுகிறோம். அது 13.33 சதவீதப் புள்ளி, அதாவது ஒரு சதவீதத்திலிருந்து இன்னொன்றைக் கழித்த வித்தியாசம். விகிதமாகப் பார்த்தால் ஆண்களின் எழுத்தறிவைவிடப் பெண்களுடையது சுமார் 15 சதவீதம் குறைவு. திருப்பிச் சொன்னால் ஆண்களுடையது சுமார் 18 சதவீதம் அதிகம். இன்னும் ஒன்று செய்து பாருங்கள். எழுத்தறிவு இல்லாதவர்களுக்குப் பட்டை வரையுங்கள்: ஆண்கள் 13.23, பெண்கள் 26.56. பெண்கள் பட்டை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரம்! இங்கே பொய் எதுவும் இல்லை, அச்சும் பூஜ்யத்தில்தான் நிற்கிறது. எதை அளக்கிறோம் என்பது மட்டும்தான் மாறியது. என்னைக் கேட்டால், இரண்டாவது படம்தான் நிலைமையைச் சரியாகச் சொல்கிறது. ஆனால் ஒரு படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இன்னொன்று இருப்பதே தெரியாது.

அப்புறம், இந்த நூறு யாருடைய நூறு? கணக்கெடுப்பு எழுத்தறிவை 7 வயது முடிந்தவர்களில்தான் பார்க்கிறது. மொத்த மக்கள்தொகையில் அல்ல. இதைப் படத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். போடாமலும் இருப்பார்கள்.

சதவீதப் பட்டையை எண்ணிக்கையாக நினைத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. கேரளம் 94, தமிழ்நாடு 80.09 என்று பார்த்ததும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் கேரளத்தில்தான் அதிகம் என்று தோன்றும். தலையை எண்ணினால் தமிழ்நாட்டில் 5 கோடிக்கு மேல், கேரளத்தில் 3 கோடிக்கும் குறைவு.

இதே காரணத்தால்தான் இரண்டு பட்டைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் இரு மாநிலங்களுக்கும் சேர்த்து 87 வரும். உண்மையில் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 84.5தான், தமிழ்நாட்டில் ஆட்கள் அதிகம் என்பதால். வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டின் ஆண், பெண் பட்டைகளில் மட்டும் இந்தத் தப்பான கணக்கு ஏறக்குறையச் சரியாகவே வந்துவிடும். கிராஃப் தாளில் பார்த்தோமே, அந்த அரை மில்லிமீட்டர்தான் காரணம்: ஆண்களும் பெண்களும் எண்ணிக்கையில் ஏறக்குறையச் சமம்.