முதலாளி இல்லாத ஆலையை மனத்தில் கட்டிப் பார்ப்பது எப்படி?

சோசலிச சமூகத்தைக் கற்பனை செய்ய முனைபவர்கள் பலர், நாட்டையும் அரசையும் முதலில் எடுத்துக்கொண்டு பாதி வழியிலேயே களைத்துவிடுகிறார்கள். கிருஷ்ணகிரியில் இருப்பவர்கள் தமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மாங்கூழ் ஆலையிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன்.

முதலில் ஒரு தாளில், ஒரு பருவத்தில் அந்த ஆலையின் முதலாளி செய்வதையெல்லாம் விடாமல் எழுதுங்கள். பெங்களூரா ரக மாங்காய் லோடு வாசலில் வந்து நிற்கும்போது விலை சொல்வது, வங்கிக் கடன் வாங்குவது, ஏற்றுமதி ஆர்டர் பிடிப்பது, ஆள் எடுப்பது, வேண்டாதவரை நிறுத்துவது, கடைசியில் மிஞ்சும் லாபத்தை எடுத்துக்கொள்வது என்று பட்டியல் நீளும். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது உழைப்பா, உரிமையா என்று குறியுங்கள். ஆர்டர் பிடிப்பது உழைப்பு. பழகிய எவரும் அதைச் சம்பளத்துக்குச் செய்ய முடியும். ஆளை நிறுத்துவதும் லாபத்தை எடுப்பதும் சொத்து தரும் உரிமை. நாம் நீக்க நினைப்பது இந்த இரண்டாவதைத்தான். இதைப் பிரிக்காதவர்களே, முதலாளி போனால் ஆலையை யார் நடத்துவார் என்று திகைக்கிறார்கள்.

அந்த உரிமை இருந்த இடத்தில், ஆளுக்கு ஒரு வாக்கு உள்ள பொதுக்கூட்டத்தை வையுங்கள். மேலாளரைத் தேர்ந்தெடுப்பதும் திரும்ப அழைப்பதும் அந்தக் கூட்டமே. காய் தரம் பிரிக்கும் பெண்ணின் விரல்களில் மாம்பால் பட்டுத் தோல் வெந்திருக்கிறது. கையுறை வாங்குவதா என்ற கேள்வி வரும்போது, அவருடைய கைக்கும் கணக்கரின் கைக்கும் அங்கே ஒரே எடைதான்.

கடினமான இடம் இனிமேல்தான் வருகிறது. ஆலை ஓடுவது சில மாதங்களே என்பதால், பருவத்துக்கு வருபவர்கள் உறுப்பினரா என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆம் என்றே நான் சொல்வேன். இல்லையென்றால் ஆண்டு முழுவதும் வேலையில் இருக்கும் சிலர், மற்றவர்களுக்கெல்லாம் புதிய முதலாளிகளாகிவிடுவார்கள். தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளைப் பாருங்கள்: உறுப்பினர்கள் கரும்பு விவசாயிகள், ஆலைக்குள் உழைப்பவர்களோ சம்பளக்காரர்கள். கூட்டுறவு என்ற பெயர் மட்டுமே முதலாளி என்ற இடத்தை ஒழித்துவிடாது என்பதற்கு இது போதும். மாறாக, 1925இல் கேரளத்தின் வடகரைப் பக்கம் தொடங்கிய ஊராளுங்கல் கட்டுமானத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும், அரசின் காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடியபோது 1957இல் பெங்களூருவில் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் துணையோடு ஊழியர்கள் அமைத்த சங்கமும் தொழிலாளர்களையே உறுப்பினர்களாக்கின.

ஓர் ஆலை மட்டும் மாறினால் சமூகம் மாறிவிடாது. பக்கத்து ஆலை மலிவாக விற்றால், உங்கள் கூட்டமே தன் கூலியைக் குறைத்துக்கொள்ள வாக்களிக்க நேரும். ஆகவே எல்லா ஆலைகளும் தோட்டக்காரர்களும் பருவத்துக்கு முன்பே ஒன்றாக அமர்ந்து காயையும் விலையையும் பங்கிடுவதையும், கடன் தரும் வங்கி பொதுச்சொத்தாக இருப்பதையும், உழைக்க முடியாத முதியவருக்கும் குழந்தைக்கும் உபரியில் பங்கு போவதையும் உங்கள் படத்தில் சேருங்கள்.

இனி ஐந்து பேரைக் கூட்டி, அந்தப் பொதுக்கூட்டத்தை நடத்திப் பாருங்கள். ஒருவர் தோட்டக்காரராகவும் ஒருவர் காய் பிரிப்பவராகவும் ஒருவர் கொதிகலன் இயக்குபவராகவும் பேசட்டும். விவாதத்துக்கு ஒரே கேள்வி போதும்: விளைச்சல் பெருகி விலை சரிந்த ஆண்டில், ஒரு டன் காய்க்கு எவ்வளவு, ஒரு நாள் கூலி எவ்வளவு?