பழைய காரின் உடைந்த பிளாஸ்டிக்: ஒட்டுவதா, மாற்றுவதா?

முதல் வேலை, உடைந்த துண்டுகள் அத்தனையையும் பொறுக்கி ஓர் உறையில் போட்டு, எந்த இடத்துப் பாகம் என்று எழுதி வைப்பது. நகக்கண் அளவுச் சில்லாக இருந்தாலும் விடாதீர்கள். பழைய மாடலுக்குப் புதிதாகக் கிடைக்கும் பாகம் பெரும்பாலும் பின்னாளில் யாரோ செய்த நகல்தான். திருகுத் துளை சற்றே தள்ளி நிற்கும். மேற்பரப்பின் சொரசொரப்பு பக்கத்துப் பாகத்தோடு ஒத்துப்போகாது. அசல் உடைந்திருந்தாலும் கையில் இருந்தால் ஒட்டலாம், அதை வைத்து அச்சு எடுக்கலாம், குறைந்தபட்சம் நகலின் அளவையாவது சரிபார்க்கலாம். ஆகவே நான் எப்போதும் பழுதுபார்க்கும் கட்சி. விதிவிலக்குகளை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒட்டவே கூடாதவை

பிரேக் எண்ணெய்க் குடுவை, பெட்ரோல் குழாயின் இணைப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி. இவற்றில் பேச்சுக்கே இடமில்லை, மாற்றிவிடுங்கள். ரேடியேட்டர் தொட்டி வழக்கமாகக் கண்ணாடி இழை கலந்த நைலான். உள்ளே கொதிநிலையை ஒட்டிய திரவம் அழுத்தத்தோடு நிற்கிறது. பல வருடம் வெந்து நொய்ந்துபோன பிளாஸ்டிக்கில் ஒரு விரிசலை அடைத்தால் அடுத்த இடத்தில் பிளக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை விரிசல் இருந்தாலே மின்பொறி அதன் வழியே ஓடிக் கரித்தடம் போட்டுவிடும். ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டருக்குள் இருக்கும் சிறு நைலான் பற்சக்கரமும் இந்தப் பட்டியலில்தான். பிளந்ததை ஒட்டினால் பற்களின் இடைவெளி மாறி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் சிக்கும்.

எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியாமல் பசையைத் திறக்காதீர்கள்

ஒட்டியது நிற்கவில்லை என்று பசையைத் திட்டுபவர்கள் பெரும்பாலும் கோட்டைவிட்டது இந்த இடத்தில்தான். பாகத்தின் பின்புறத்தில் 'ஏபிஎஸ்' (கெட்டியான ஒரு வகைப் பிளாஸ்டிக்), 'பிபி' (பாலிப்ரொப்பிலீன்), 'பிஏ66' (நைலான்) போன்ற எழுத்துகள் வார்த்திருந்தால் கவலையில்லை. ஆனால் இப்படிக் குறியிடுவதற்கான ஐஎஸ்ஓ 11469 தரநிலை 1993இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கார்களில் பெரும்பாலும் எந்தக் குறியும் இருக்காது. நாமே சோதித்துப் பார்க்க வேண்டியதுதான்.

ஒரு சில்லைத் தண்ணீரில் போடுங்கள். தண்ணீரில் ஒரு துளி சோப்பு சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மூழ்க வேண்டிய சில்லும் காற்றுக் குமிழி ஒட்டி மிதந்து ஏமாற்றும். மிதந்தால் அது பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். மூழ்கினால் ஏபிஎஸ், நைலான், பாலிகார்பனேட் எதுவாகவும் இருக்கலாம். இங்கே ஒரு பொறி உண்டு. டால்க் தூள் கலந்த பாலிப்ரொப்பிலீனும் மூழ்கும். ஐந்தில் ஒரு பங்கு டால்க் சேர்ந்தாலே அதன் அடர்த்தி தண்ணீரைத் தாண்டிவிடும். கார்களின் உட்புறப் பலகைகளில் இந்தக் கலவை சாதாரணம். மூழ்கியதை மட்டும் பார்த்து ஏபிஎஸ் என்று முடிவுகட்டக் கூடாது.

ஆகவே அடுத்த சோதனை அசிட்டோன். பஞ்சுக் குச்சியை நனைத்து, வெளியே தெரியாத பின்புறத்தில் அரை நிமிடம் தேயுங்கள். ஏபிஎஸ் என்றால் பஞ்சில் நிறம் ஏறும், விரல் வைத்தால் பிசுபிசுக்கும். பாலிப்ரொப்பிலீன் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். கத்தியால் சீவினால் மெழுகுபோல் சுருள் சுருளாக வரும். பாலிகார்பனேட் வெளுத்து நுண்விரிசல் விடும் என்பதால் கண்ணாடிபோல் தெளிவான எந்தப் பாகத்திலும் இந்தச் சோதனை வேண்டாம். கொளுத்தி மணம் பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், அதை மூக்கில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

மிகப் பழைய கார்களின் கருத்த குமிழ்கள் பேக்லைட் என்னும் பழைய வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்காக இருக்கலாம். சால்டரிங் அயர்ன் முனை பட்டும் உருகாது. அதற்கு இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் எபாக்சி பசை மட்டுமே.

ஏபிஎஸ் பாகத்தை இணைப்பது

விரிசல் முடியும் இடத்தில் 2 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். போடாவிட்டால் அதிர்வில் விரிசல் தொடர்ந்து ஓடும். பின்புறத்தில் விரிசலின் நீளத்துக்குப் பள்ளம் சீவுங்கள், கனத்தில் பாதிக்குச் சற்று மேல் போதும். முன்பக்கத்தைத் தொடாதீர்கள், அங்கே டேப் ஒட்டி இரு விளிம்பும் மட்டமாக நிற்கச் செய்தால் சரி.

நிரப்புவதற்குக் கடைப் பசையைவிட அதே பாகத்திலிருந்து சீவிய துருவலை அசிட்டோனில் கரைத்துச் செய்யும் குழம்புதான் எனக்குப் பிடிக்கும். நிறமும் ஒத்துவரும், பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கோடு கரைந்தே சேரும். கண்ணாடிக் குப்பியில் மூடி, ஓர் இரவு விட்டால் தேன் பதத்துக்கு வரும். காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல் செய்யுங்கள். மெல்லிய படலங்களாக ஊற்றி, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. கடைசிப் படலத்துக்குப் பின் முழுதாக ஒரு நாள் விட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும். உள்ளே அசிட்டோன் மிச்சமிருந்தால், இன்று மட்டமாகத் தேய்த்த இடம் அடுத்த வாரம் குழிந்து நிற்கும்.

பாரம் தாங்கும் இடமென்றால் பின்புறத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலைத் துண்டு ஒன்றை சால்டரிங் அயர்னால் அழுத்திப் புதைத்து, மேலே குழம்பைப் பூசுங்கள்.

உடைவது பெரும்பாலும் திருகு போகும் காதுதான். அதைத் தனியே மேசையில் வைத்து ஒட்டினால் துளை எங்கேயோ போய் நிற்கும். திருகில் மெழுகு தடவி, பாகத்தைக் காரிலேயே அதன் இடத்தில் பொருத்தி, காதையும் திருகோடு சேர்த்து நிறுத்திக்கொண்டு ஒட்டுங்கள். துளை தானாகச் சரியான இடத்தில் அமையும். பசை இறுகியதும் திருகு சுலபமாகக் கழன்று வரும்.

சூப்பர் குளூவும் சமையல் சோடாவும் கலந்த வித்தையைப் பலர் கொண்டாடுகிறார்கள். நொடியில் கல்லாகிவிடும் என்பது உண்மை. ஆனால் வளையாது, அதிர்ந்தால் உதிரும். துண்டுகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க மட்டும் பயன்படுத்துங்கள். ஐந்து நிமிட எபாக்சியும் எனக்கு ஆகாது. மெதுவாக இறுகுவதுதான் சூட்டைத் தாங்கும்.

பாலிப்ரொப்பிலீனில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. அதே பிளாஸ்டிக் கம்பியைச் சூட்டில் உருக்கி இணைப்பது ஒன்றே நம்பகமான வழி.

துண்டே காணாமல் போயிருந்தால்

சிலிக்கோன் அச்செடுத்துப் பாலியூரித்தேன் ரெசினில் வார்க்கலாம், அல்லது 3டி பிரிண்டரில் எடுக்கலாம். பிரிண்டருக்குப் பரவலாக விற்கும் பிஎல்ஏ பிளாஸ்டிக் இழை வேண்டாம். அது 60 டிகிரியிலேயே இளகிவிடும், வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டு அதைத் தாண்டிச் சூடாகும். சூட்டையும் வெயிலையும் தாங்கும் ஏஎஸ்ஏ இழை வாங்குங்கள்.

பிற்சேர்க்கை

பின்விளக்குக் கண்ணாடியை இதே முறையில் ஒட்டலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். கூடாது. அது வழக்கமாக அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக். அசிட்டோன் பட்டால் நுண்விரிசல் விடும், சூப்பர் குளூவின் ஆவி வெள்ளைப் படலம் போடும். அக்ரிலிக்குக்கென்றே விற்கும் தண்ணீர்போன்ற திரவம் உண்டு. இரு விளிம்பையும் சேர்த்துப் பிடித்து ஒரு துளி விட்டால் இடுக்கில் தானே ஓடிப் பரவும்.

வண்ணம் அடித்ததும் ஒட்டிய கோடு மறுபடி தெரிகிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். வண்ணத்தில் உள்ள தின்னர் ஏபிஎஸ் இணைப்பை இளக்கியிருக்கும். முதல் பூச்சைத் தூறலாக, மிக மெல்லியதாக அடித்துக் காயவிடுங்கள்.

கிளிப்புகள் கழற்றும்போதே ஒடிகின்றன என்பவர்களுக்கு: பழைய பிளாஸ்டிக்கைக் குளிரில் கழற்றாதீர்கள். ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூடு ஏற்றிவிட்டு நெம்புங்கள்.