வரவு செலவு எழுத எந்த முறை? கணக்கு உதைத்த இடமும் அதைச் சரிசெய்த விதமும்

எட்டு மாதத்தில் மூன்று செயலிகளை நிறுவி, மூன்றையும் நீக்கிவிட்டு, கடைசியில் ஐந்தே நெடுவரிசை உள்ள ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் வந்து நின்றேன். இரண்டு வருடமாக ஒரு மாதம்கூட விடாமல் அதில்தான் எழுதுகிறேன். செயலிகள் மோசம் என்பதால் அல்ல. எனக்கு என்ன தெரிய வேண்டும் என்று முடிவு செய்யாமலே கருவியைத் தேடப் போனதுதான் பிழை. நீங்கள் அந்த எட்டு மாதத்தைக் கழிக்க வேண்டாம் என்பதற்காக இதை விரிவாக எழுதுகிறேன்.

படி 1: கேள்வி என்ன?

ஒரு தாளில் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். பெரும்பாலும் அது இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

"பணம் எங்கேதான் போகிறது?" என்பது உங்கள் கேள்வியானால், செலவை நடந்த பிறகு எழுதி வகை பிரித்தால் போதும். "மாதக் கடைசி வரை தாங்குமா?" என்றால் எழுதிவைப்பது மட்டும் உதவாது. பணம் வந்த அன்றே இது வாடகைக்கு, இது மருந்துக்கு என்று பங்கு பிரித்து, அந்தந்தப் பங்கிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். இதைத்தான் உறை முறை என்கிறார்கள். "கடன் போக எனக்கென்று எவ்வளவு இருக்கிறது?" என்பது மூன்றாவது. அதற்குச் செலவோடு சேர்த்து வங்கிக் கணக்கு, கார்டு, கடன் எல்லாவற்றின் இருப்பும் வேண்டும்.

என் கேள்வி மூன்றாவது. நான் முதலில் நிறுவிய செயலியோ முதல் கேள்விக்கானது. எவ்வளவு எழுதினாலும் நிறைவு வராததற்குக் காரணம் அதுதான்.

படி 2: கருவி

நோட்டுப் புத்தகத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஜப்பானில் 1904-இல் ஹானி மொதோகோ என்ற பத்திரிகையாளர் வீட்டுக் கணக்குக்கென்று ஒரு ஏட்டை வெளியிட்டார். ககெய்போ என்ற அந்தப் பழக்கம் இன்றும் இருக்கிறது. கையால் எழுதும்போது ஒவ்வொரு செலவையும் ஒரு கணம் நின்று பார்க்கிறோம். முதல் கேள்விக்காரர்களுக்கு நான் நோட்டையே சொல்வேன். ஆனால் வருடக் கடைசியில் கூட்டிப் பார்க்க உட்கார்ந்தால் கை வலிக்கும்.

செயலி வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் பாருங்கள்: பதிவுகளைக் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா? மைக்ரோசாஃப்ட் மணி என்ற கணக்கு மென்பொருள் 2009-இல் விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டது. மின்ட் என்ற வரவு செலவுச் செயலி 2024 மார்ச்சில் மூடப்பட்டது. கருவி போகலாம், நாம் எழுதியது போகக் கூடாது. சிஎஸ்வியாக (எந்த ஷீட்டிலும் திறக்கக்கூடிய எளிய எழுத்துக் கோப்பாக) ஏற்றுமதி செய்யும் வசதி இல்லாத செயலியை, எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் தொட மாட்டேன்.

கணக்கியலில் ஆர்வம் இருந்தால் குனூகேஷ் என்ற மென்பொருள் நல்லது, இலவசம். 1494-இல் வெனிஸில் லூகா பச்சோலி என்ற கணித அறிஞர் அச்சில் விளக்கிய இரட்டைப் பதிவு முறைதான், அதாவது ஒவ்வொரு தொகையையும் எங்கிருந்து, எங்கே என்று இரண்டு இடத்தில் எழுதும் முறைதான், அதன் உள்ளே ஓடுகிறது. ஆனால் முதல் வாரத்திலேயே அதில் இறங்க வேண்டாம். முதலில் ஷீட். லிப்ரெஆஃபீஸ் கால்க், எக்செல், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் சரி.

படி 3: ஐந்து நெடுவரிசை

தேதி, விவரம், வகை, எந்தக் கணக்கு (வங்கியா, கார்டா, ரொக்கமா), தொகை. அவ்வளவுதான். வரவுக்கு ஒன்று, செலவுக்கு ஒன்று என்று தொகையை இரண்டாகப் பிரிக்காதீர்கள். வரவு என்றால் கூட்டல் குறி, செலவு என்றால் கழித்தல் குறி, ஒரே நெடுவரிசை. தேதியை 2025-03-04 என்பதுபோல் வருடம் முன்னால் வர எழுதுங்கள். 03/04 என்று எழுதினால் மார்ச்சா ஏப்ரலா என்று நிரல் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்துவிடும்.

வகைகள் பத்துக்கு மேல் வேண்டாம். வகைவாரியாகக் கூட்டிப் பார்க்க, வரிகளைத் தானே தொகுத்துத் தரும் பிவட் டேபிள் என்ற ஷீட் வசதி போதும், அதை எப்படிப் போடுவது என்பதற்கு எல்லா இடத்திலும் விளக்கம் கிடைக்கிறது.

படி 4: என்னை மூன்று இரவு உட்கார வைத்த இடம்

முதல் மாதக் கணக்கைக் கூட்டியபோது, சம்பளத்தைவிடச் செலவு மிக அதிகமாகக் காட்டியது. வங்கி இருப்போ குறையவில்லை. மூன்று இரவு வரிவரியாகப் பார்த்தேன். வரிகள் எல்லாம் உண்மை. கூட்டலும் சரி.

கோளாறு கிரெடிட் கார்டில் இருந்தது. 12-ஆம் தேதி கார்டில் 3,000-க்குச் செருப்பு வாங்கினேன், எழுதினேன். 27-ஆம் தேதி வங்கியிலிருந்து கார்டு பில் 3,000 கட்டினேன், அதையும் செலவு என்று எழுதினேன். ஒரு ஜோடி செருப்புக்குக் கணக்கில் 6,000 போய்விட்டது.

பில் கட்டுவது செலவே அல்ல. பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகிறது, அவ்வளவுதான். கார்டையும் ஒரு தனிக் கணக்காக வைத்தால் இது தெளிவாகிவிடும். மூன்று வரி எழுத வேண்டும்:

12-ஆம் தேதி: செருப்பு, வகை உடை, கணக்கு கார்டு, −3,000.
27-ஆம் தேதி: கார்டு பில், வகை இடமாற்றம், கணக்கு வங்கி, −3,000.
27-ஆம் தேதி: கார்டு பில், வகை இடமாற்றம், கணக்கு கார்டு, +3,000.

இப்போது கார்டின் இருப்பு பூஜ்யம், உண்மையான செலவு 3,000. ஏடிஎம்மில் பணம் எடுப்பதும், சேமிப்புக் கணக்குக்கு மாற்றுவதும் இதே மாதிரிதான். இடமாற்றம் என்ற வகையை மட்டும் தனியாகக் கூட்டினால் எப்போதும் பூஜ்யம் வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ ஒரு பாதி விட்டுப்போயிருக்கிறது. மாதக் கடைசியில் நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு எண்ணைத்தான்.

கார்டில் வட்டி போட்டால் அது மட்டும் நிஜச் செலவு. அதற்கு வட்டி என்றே ஒரு வகை வையுங்கள், கணக்கு கார்டு.

படி 5: நேர் பார்ப்பது

வாரம் ஒருமுறை, தொடக்க இருப்போடு அந்தக் கணக்கின் வரிகளைக் கூட்டி, வங்கி காட்டும் இருப்போடு ஒப்பிடுங்கள். மாதம் ஒருமுறை என்று விட்டால் தேட வேண்டிய வரிகள் நான்கு மடங்கு ஆகிவிடும்.

உதைத்தால் வித்தியாசத்தை முதலில் ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால், இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 450 என்பதை 540 என்று எழுதினால் வித்தியாசம் 90. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகவே வரும். 500-ஐ 50 என்று ஒரு சைபர் விட்டு எழுதினாலும் அப்படித்தான், 450 குறையும். ஒன்பதால் வகுபடவில்லை என்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். 350-க்குக் கழித்தல் குறி போட மறந்தால் 700 உதைக்கும். கணக்கர்கள் காலம்காலமாகக் கையாளும் வழி இது, என் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலேயே அகப்பட்டுவிட்டன.

கையிலுள்ள ரொக்கத்துக்கு இவ்வளவு கண்டிப்பு வேண்டாம். எண்ணிப் பார்த்து, குறைகிற தொகையைச் சில்லறைச் செலவு என்று ஒரே வரியாகப் போட்டுவிடுங்கள். அதைத் துரத்தித்தான் பலர் எழுதுவதையே விட்டுவிடுகிறார்கள்.

பின்சேர்க்கை: கடன் தவணை

தவணையை எப்படி எழுதுவது என்று இருவர் கேட்டிருந்தார்கள். நல்ல கேள்வி, முதலிலேயே சேர்த்திருக்க வேண்டும். கடனையும் கழித்தல் இருப்புள்ள ஒரு கணக்காக வையுங்கள். தவணை 10,000, அதில் வட்டி 4,000 என்று வைத்துக்கொள்வோம். வங்கியிலிருந்து −4,000, வகை வட்டி. வங்கியிலிருந்து −6,000, வகை இடமாற்றம். கடன் கணக்கில் +6,000, வகை இடமாற்றம். எந்த மாதம் வட்டி எவ்வளவு என்பது கடன் கொடுத்தவர் தரும் தவணை அட்டவணையில் இருக்கும். தொடக்கத்தில் வட்டிப் பங்கு பெரிதாகவும் போகப்போகச் சிறிதாகவும் இருக்கும், ஆகவே எல்லா மாதத்துக்கும் ஒரே எண்ணை நகலெடுத்துப் போடாதீர்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: தமிழ் எழுத்து உடைவது

வகைகளுக்குத் தமிழில் பெயர் வைத்தவர்கள், சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்தால் எழுத்தெல்லாம் குப்பையாகத் தெரிகிறது என்கிறார்கள். கோப்பு கெடவில்லை, அதை அப்படியே சேமித்துவிடாமல் மூடுங்கள். இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், புதிய ஷீட் ஒன்றைத் திறந்து, டேட்டா மெனுவில் ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாகக் கோப்பைக் கொண்டுவந்து, அங்கே 65001 யூனிகோட் யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். லிப்ரெஆஃபீஸ் கால்க் திறக்கும்போதே எழுத்துக் குறியாக்க முறையைக் கேட்கும், அங்கேயும் யுடிஎஃப்-8 தான். முன்னோட்டத்தில் 'மருந்து' என்பது 'மருந்து' என்றே தெரிந்த பிறகு சரி என்று அழுத்துங்கள்.