ஏரி, ஆறுகளின் நீர்த்தரம்: நல்லெண்ணத்தோடு நாம் செய்யும் தவறுகள்

நீர்நிலை வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு, தப்பான நேரத்தில் தண்ணீரை அளப்பதுதான். வெயில் ஏறிய பிறகு கரைக்குப் போய், கைக்கு எட்டிய இடத்தில் கருவியை முக்குகிறோம். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 12 மில்லிகிராம் என்று காட்டுகிறது. அடடா, ஏரி நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். ஆனால் 30 டிகிரி சூட்டில் காற்றிலிருந்து மட்டும் தண்ணீரில் கரையக்கூடியது ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம்தான். மீதி பாசியின் வேலை. வெயிலில் அது ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைக் கொட்டுகிறது. கூடவே கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்வதால் தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவும் 9-ஐத் தாண்டி நிற்கும்.

பொழுது சாய்ந்ததும் கணக்கு தலைகீழாகிவிடும். இருட்டில் பாசியும் மற்ற உயிர்களைப் போல ஆக்சிஜனைச் செலவழிக்க மட்டுமே செய்யும். மதியம் 12 காட்டிய அதே இடத்தில் விடியும் நேரத்தில் 2 மில்லிகிராம்கூட இல்லாமல் போகலாம். பெரும்பாலான மீன்களுக்குச் சுமார் 5 வேண்டும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பதும், செத்து மிதப்பதும் பெரும்பாலும் விடியற்காலையில் என்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே விடியலுக்குச் சற்று முன் ஒரு அளவு, பிற்பகலில் ஒரு அளவு கட்டாயம் எடுங்கள். ஆழமான ஏரி என்றால் மேல்மட்டத்தில் ஒன்று, அடியில் ஒன்று.

பாட்டிலில் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குடத்தில் மொள்வது போல அமுக்கினால் குபுகுபுவென்று காற்றும் கலந்து, இல்லாத ஆக்சிஜன் கணக்கில் ஏறிவிடும். மாதிரி எடுக்கும் கருவியின் ரப்பர் குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டு மெதுவாக நிரப்பி, இரண்டு மூன்று பாட்டில் அளவுக்கு வழியவிட்ட பிறகே மூட வேண்டும். கவிழ்த்துப் பார்த்தால் ஒரு குமிழிகூட ஓடக்கூடாது. மருந்து சேர்த்து ஆக்சிஜனை அளக்கும் விங்க்லர் முறை என்றால் மாங்கனீஸ் சல்பேட்டையும் கார அயோடைடையும் கரையிலேயே சேர்த்துவிடுங்கள். ஆய்வகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், வழியிலேயே பாட்டிலுக்குள் இருக்கும் பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும். மருந்து சேர்த்ததும் பழுப்பாகப் படிவு இறங்கினால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாக இறங்கினால் இல்லை. அந்த வெள்ளையைக் கண்ணால் பார்த்தால் வயிறு கலங்கிப்போகும்.

அடுத்தது, பச்சை நிறத்தைக் கண்டதும் மயில்துத்தத்தை, அதாவது தாமிர சல்பேட்டை, கரைத்து ஊற்றுவது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலை இது. பாசி செத்துவிடும், உண்மைதான். செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜன் மொத்தமாகச் சரியும். நீலப்பச்சைப் பாசியாக இருந்தால், செல்கள் உடைந்து உள்ளிருக்கும் நஞ்சும் தண்ணீரில் கலந்துவிடும். தாமிரம் சேற்றில் தங்கிவிடும். சில வாரங்களில் மறுபடியும் பச்சை. பாசிக்குத் தீனி போடுவதை நிறுத்தவில்லையே!

அந்தத் தீனி என்ன என்பதைக் கனடாவில் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் 1973-இல் கண்ணெதிரே காட்டினார். 226 என்று எண்ணிட்ட ஏரியின் குறுக்கே ஒரு திரையைக் கட்டி, இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் மட்டும் ஒரு பக்கத்தில்தான். அந்தப் பக்கம் பாசி மண்டியது. மற்றது தெளிவாகவே இருந்தது. கழிவுநீர், சோப்புத்தூள், வயல் உரம், அரித்து வரும் மண் எல்லாமே பாஸ்பரஸைக் கொண்டுவருபவை. கடலோடு கலக்கும் முகத்துவாரங்களில் நைட்ரஜனையும் சேர்த்துக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் ஏரிக்குள் வந்த கழிவுநீரை 1963 முதல் 1968 வரை படிப்படியாகத் திருப்பிவிட்டார்கள். சில ஆண்டுகளிலேயே தண்ணீர் தெளிந்தது. இதைக் கேட்டுவிட்டு எல்லா ஏரியும் இப்படித்தான் என்று நம்புவது இன்னொரு தவறு. ஆழம் குறைந்த ஏரிகளில் பல ஆண்டுப் பாஸ்பரஸ் சேற்றில் இரும்போடு ஒட்டிக் கிடக்கும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு பிடியை விட்டுவிடும், பாஸ்பரஸ் மேலே கிளம்பும். வெளியிலிருந்து ஒரு சொட்டுக் கழிவு வராவிட்டாலும் ஏரி பச்சையாகவே இருக்கும். திட்டம் தோற்றுவிட்டது என்று பாதியில் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். தயவுசெய்து பொறுமையாக இருங்கள். சேற்றைத் தூர்வாரலாம், படிகாரத்தால் பாஸ்பரஸைக் கட்டிப்போடலாம். ஆனால் வரத்து வாய்க்காலில் வரும் கழிவை முதலில் நிறுத்த வேண்டும். அள்ளிய சேற்றையும் ஆகாயத்தாமரையையும் கரையிலேயே குவித்துவிட்டுப் போகாதீர்கள். அடுத்த மழையில் எல்லாம் ஏரிக்கே திரும்பிவிடும்.

நீர்ச்செடிகளை ஒழிக்க, அவற்றைத் தின்னும் புல்கெண்டை மீனை விடுவதிலும் நிதானம் தேவை. வேர்ச்செடிகள் முழுக்கத் தீர்ந்தால் சேறு கலங்கும், செடி எடுத்துக்கொண்ட சத்தெல்லாம் பாசிக்குப் போகும். ஆக்சிஜன் ஏறும் என்று நம்பி, அழகுக்கும் சேர்த்து வைக்கும் நீரூற்று மேல்தண்ணீரைத்தான் கலக்கும், அடிமட்டத்துக்கு எட்டாது.

ஆறுகளில் நடக்கும் பெரிய தவறு, ஓடுகிற தண்ணீர்தானே, கரைத்துவிடும் என்ற நம்பிக்கை. வெள்ளக்காலத்தையும் சேர்த்துச் சராசரி நீரோட்டம் போட்டு, இவ்வளவு கழிவு விடலாம் என்று கணக்கிட்டால் கோடையில் ஆறு மூச்சுத் திணறும். மிகக் குறைவாக ஓடும் நாட்களை வைத்தே கணக்குப் போட வேண்டும். வறட்சிக்குப் பிறகு பெய்யும் முதல் மழையையும் தவறவிடாதீர்கள். தெருக்களில் மாதக்கணக்கில் சேர்ந்த எண்ணெயும் குப்பையும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் அதிகம் வந்து இறங்கும்.

அப்புறம், கரையைக் கான்கிரீட்டால் பூசி ஆற்றை நேராக்குவது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வளைந்து வளைந்து 166 கிலோமீட்டர் ஓடிய கிசிம்மி ஆற்றை 1962-க்கும் 1971-க்கும் இடையில் 90 கிலோமீட்டர் கால்வாயாக நேராக்கினார்கள். சத்துகளை வடிகட்டிய சதுப்பு வறண்டது, பறவைகளும் மீன்களும் குறைந்தன. 1999-இல் கால்வாயின் ஒரு பகுதியைத் தூர்த்துப் பழைய வளைவுகளைத் திருப்பிக் கொண்டுவரத் தொடங்கினார்கள். உங்கள் கரையில் நாணலும் கோரையும் நின்றால் அவற்றை விட்டுவையுங்கள்.

கருவி வாங்க வசதியில்லாதவர்கள், தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று காட்டும் செக்கி தட்டிலிருந்து தொடங்கலாம். 1865-இல் இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி பயன்படுத்திக் காட்டிய எளிய முறை இது. 20 சென்டிமீட்டர் வட்டத்தட்டில் கறுப்பும் வெள்ளையுமாகக் கால் கால் பங்கு பூசி, அளவு குறித்த கயிற்றில் கட்டிப் படகின் நிழல் பக்கம் இறக்குங்கள். மறையும் ஆழத்தையும், தூக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் கூட்டிப் பாதியாக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, அதே இடத்தில், அதே உச்சி வேளையில்.