காமா கதிர் வெடிப்பின் பின்னொளியைத் தானியங்கித் தொலைநோக்கியில் பிடிப்பது எப்படி?

காமா கதிர்கள் நம் காற்று மண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வருவதில்லை. அதனால் ஒரு காமா கதிர் வெடிப்பை, அதாவது தொலைதூர விண்வெளியில் திடீரென எழும் காமா கதிர்ச் சீற்றத்தை, முதலில் பார்ப்பது எப்போதும் செயற்கைக்கோள்தான். ஆனால் வெடிப்பிலிருந்து ஒளியின் வேகத்தை ஒட்டிப் பாயும் பொருள், சுற்றியுள்ள வாயுவில் மோதும்போது எக்ஸ் கதிர், கண்ணுக்குத் தெரியும் ஒளி, ரேடியோ அலை என எல்லாவற்றிலும் ஒளிரும். இதைத்தான் பின்னொளி என்கிறோம். தரையில் இருக்கும் நமக்குக் கிடைப்பது அதுதான், அதுவும் சீக்கிரமே மங்கிவிடும்.

எவ்வளவு சீக்கிரம்? 1999 ஜனவரி 23 அன்று நடந்த வெடிப்பைப் பாருங்கள். லாஸ் அலமோஸில் இருந்த ரோட்ஸி என்ற தானியங்கிக் கருவி, செயற்கைக்கோள் எச்சரிக்கை வந்ததும் தானாகத் திரும்பி 22ஆம் நொடியில் முதல் படத்தை எடுத்தது. அதில் மேக்னிட்யூட் எனப்படும் வெளிச்ச அளவு 11.7. (மேக்னிட்யூட் எண் கூடினால் வெளிச்சம் குறைவு என்பதை மறக்க வேண்டாம்.) 47ஆம் நொடியில் 8.9. பத்து நிமிடம் ஆனபோது 14ஐத் தாண்டி மங்கியிருந்தது. அந்தக் கருவியில் இருந்தவை 200 மி.மீ கேமரா லென்ஸ்கள் நான்கு, அவ்வளவுதான். பெரிய கண்ணாடிகள் எல்லாம் திரும்புவதற்குள் சின்ன லென்ஸ் முந்திக்கொண்டது. இந்தத் துறையில் தொலைநோக்கியின் அளவைவிட எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தீர்கள் என்பதே பெரிய விஷயம். அதனால் கீழே சொல்லும் வேலையில் பாதி, எச்சரிக்கை வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

படி 1: தொலைநோக்கிக்கு அனுமதி வாங்கி வையுங்கள்

இரண்டு வகை உண்டு. ஒன்று, இணையம் வழியே நீங்களே ஓட்டுவது. மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் சேவைகள் பெரும்பாலும் இப்படித்தான். மற்றொன்று, நீங்கள் வேண்டுகோளை மட்டும் எழுதிக் கொடுத்தால் மென்பொருளே வானிலை, இலக்கின் உயரம், வரிசை எல்லாம் பார்த்துப் படம் எடுத்துத் தருவது. லாஸ் கும்ப்ரெஸ் வலையமைப்பு இரண்டாவது வகை. 40 செ.மீ, 1 மீ, 2 மீ தொலைநோக்கிகள் பல தீர்க்கரேகைகளில் பரவி இருப்பதால், எங்காவது ஒரு மூலையில் இரவாக இருக்கும். கல்விக் கூட்டாளிகள் வழியாக மாணவர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் அதில் நேரம் கிடைக்கிறது.

எதை எடுத்தாலும் ஒன்றை முன்கூட்டியே விசாரித்து விடுங்கள்: அவசர வேண்டுகோளை வரிசையில் முன்னால் தள்ள வழி இருக்கிறதா? இல்லையென்றால் உங்கள் படம் நாளைக்குத்தான் வரும். நாளைக்கு வரும் படத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

படி 2: எச்சரிக்கை உங்களைத் தேடி வரட்டும்

இத்தகைய வெடிப்புகளை உடனுக்குடன் அறிவிக்கும் நாசாவின் ஜி.சி.என். அமைப்பில் கணக்குத் தொடங்கினால் எச்சரிக்கைகள் மின்னஞ்சலுக்கு வரும். இதில் நோட்டீஸ் என்பது இயந்திரம் தானாக அனுப்புவது, நொடிகளில் வந்துவிடும். சர்க்குலர் என்பது மனிதர்கள் எழுதும் குறிப்பு. தொடங்குபவர்கள் இரண்டையும் வாங்குவது நல்லது. மற்றவர்கள் என்ன பார்த்தார்கள் என்று சர்க்குலர்களைப் படித்தாலே பாதிப் பாடம் வந்துவிடும்.

எல்லா நோட்டீஸையும் தேர்வு செய்தால் அஞ்சல் பெட்டி நிரம்பி வழியும், அப்புறம் எதையும் திறக்க மாட்டீர்கள். ஃபெர்மி செயற்கைக்கோளின் ஜி.பி.எம். கருவி நிறைய வெடிப்புகளைப் பிடிக்கும், ஆனால் இடத்தைப் பல டிகிரி பிழையோடுதான் சொல்லும். சிறிய தொலைநோக்கிக்கு அது உதவாது. ஸ்விஃப்ட், எஸ்.வி.ஓ.எம்., ஐன்ஸ்டைன் புரோப் போன்ற செயற்கைக்கோள்கள் சில ஆர்க் நிமிடங்களுக்குள் (ஒரு ஆர்க் நிமிடம் என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) இடத்தைக் காட்டும். அவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: இரண்டு நிமிடத்தில் முடிவெடுங்கள்

எச்சரிக்கையில் முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: வெடித்த நேரம் (இதை டி-சுழி என்பார்கள், எப்போதும் உலகப் பொது நேரத்தில்), வானில் இடத்தைக் குறிக்கும் ஆர்.ஏ. மற்றும் டெக் என்ற எண்கள், பிழை வட்டத்தின் (வெடிப்பு இருக்கக்கூடிய பகுதியின்) ஆரம். பிறகு உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிழை வட்டம் என் கேமராவின் ஒரே படத்துக்குள் அடங்குமா? அந்த இடம் இப்போது அடிவானத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் இருக்கிறதா, சூரியனுக்குப் பக்கத்தில் இல்லையே? முழு நிலா அருகில் இருக்கிறதா? பால்வீதியின் தளத்துக்குள் விழுகிறதா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். அந்தத் தளத்தில் தூசி அதிகம், நட்சத்திரக் கூட்டமும் அதிகம். 2022 அக்டோபர் 9 அன்று வந்த வெடிப்பு இதுவரை பதிவானவற்றிலேயே மிகப் பிரகாசமானது. ஆனாலும் அது பால்வீதித் தளத்தை ஒட்டி இருந்ததால் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பெரும்பகுதியைத் தூசி விழுங்கிவிட்டது.

பிழை வட்டம் அடங்கவில்லை, அல்லது இடம் அடிவானத்தில் இருக்கிறது என்றால் தயங்காமல் விட்டுவிடுங்கள். அடுத்தது வரும்.

படி 4: படம் எடுக்கும் திட்டம்

இங்கேதான் கொஞ்சம் கணக்கு. பின்னொளியின் வெளிச்சம் பெரும்பாலும் நேரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும். அதாவது நேரம் பத்து மடங்கானால் வெளிச்சம் பத்தில் ஒன்று, மேக்னிட்யூட் கணக்கில் 2.5 கூடும். பத்தாவது நிமிடத்தில் 17 என்று வைத்துக்கொண்டால், நூறாவது நிமிடத்தில் 19.5. ஆயிரமாவது நிமிடத்தில், அதாவது மறுநாள் இரவு வாக்கில், 22. நல்ல இருட்டு வானில் 40 செ.மீ தொலைநோக்கி படங்களை அடுக்கிச் சேர்த்தால் 19, 20 வரை போகலாம் என்றால், உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான். விதிவிலக்குகள் உண்டு: 2003 மார்ச் 29 வெடிப்பு ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் 13ஐ விடப் பிரகாசமாக இருந்தது. அதை எதிர்பார்த்துத் திட்டம் போடாதீர்கள்.

எக்ஸ்போஷர்களை (ஒவ்வொரு படத்துக்கும் ஒளி சேர்க்கும் நேரத்தை) ஒரே அளவில் வைக்க வேண்டாம். முதல் பத்து நிமிடத்துக்குள் போய்விட்டால் 20 அல்லது 30 நொடிப் படங்கள் வரிசையாக. அப்புறம் 60, பிறகு 120 நொடிகள். ஒரே 20 நிமிட நீளப் படம் என்பது கூடாத வேலை. செயற்கைக்கோள் கோடு ஒன்று குறுக்கே போனால் எல்லாம் போச்சு, வேகமாக மாறும் பகுதியும் கலந்துவிடும். சிறு படங்களைப் பிறகு அடுக்கலாம், நீளப் படத்தைப் பிரிக்க முடியாது.

ஃபில்டர்: ஒன்றே போதும் என்றால் சிவப்பு ஒளியை விடும் ஆர். தூசி சிவப்பு ஒளியைக் குறைவாகவே தடுக்கும், ஒப்பிட அட்டவணை மதிப்புகளும் எளிதாகக் கிடைக்கும். ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் இன்னும் மங்கலானதும் தெரியும், ஆனால் அளவிடும்போது தலைவலி. முதல் சில படங்கள் ஃபில்டர் இல்லாமல், மீதி ஆரில் என்று நான் பரிந்துரைப்பேன்.

படி 5: புதிய புள்ளியைத் தேடுங்கள்

படங்களை அடுக்கி, நட்சத்திரங்களை வைத்து இட எண்களைப் பொருத்துங்கள், ஆஸ்ட்ரோமெட்ரி.நெட் இதைத் தானாகவே செய்யும். பிறகு அதே இடத்தின் பழைய படத்தை பான்-ஸ்டார்ஸ் என்ற வானப் படத் தொகுப்பிலிருந்து எடுத்து, இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டிப் பாருங்கள். பழைய படத்தில் இல்லாத புள்ளி ஒன்று பிழை வட்டத்துக்குள் இருந்தால் மனசு துள்ளும். கொஞ்சம் பொறுங்கள்.

அந்தப் புள்ளியைப் பெரிதாக்குங்கள். பக்கத்து நட்சத்திரங்கள் எவ்வளவு அகலமோ அதே அகலத்தில் ஓரம் மங்கி இருக்க வேண்டும். ஒரே பிக்சலில் கூர்மையாக இருந்தால் அது சூடான பிக்சல் (கேமராவில் தானாகவே ஒளிரும் பழுதான புள்ளி) அல்லது காஸ்மிக் கதிர். அடுக்குவதற்கு முந்தைய தனிப் படங்களிலும் பாருங்கள். இடம் மெல்ல நகர்கிறதா? பிரதான வளையத்துச் சிறுகோள் ஒரு மணி நேரத்தில் சுமார் அரை ஆர்க் நிமிடம் நகரும். சிறுகோள் மையத்தின் தேடல் பக்கத்தில் இடத்தையும் நேரத்தையும் போட்டால் அங்கே எது இருந்தது என்று சொல்லிவிடும். இவ்வளவும் தாண்டிய புள்ளி மங்கவும் செய்தால் சந்தேகம் பெருமளவு தீரும். செயற்கைக்கோளின் எக்ஸ் கதிர் தொலைநோக்கி சில ஆர்க் நொடித் துல்லியத்தில் தந்த இடத்தோடும் பொருந்தினால் அதுதான்.

படி 6: அளவிடுங்கள்

ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே இலவச மென்பொருள், இதற்குப் போதும். புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம், அதைச் சுற்றி வானப் பின்னணிக்கு ஒரு வளையம். அதே படத்தில், கேமராவின் வரம்பைத் தாண்டி வெளுத்துப் போகாத ஐந்தாறு நட்சத்திரங்களை ஒப்பீட்டுக்கு எடுத்து, அட்டவணை மதிப்பைக் கொடுங்கள். எண்ணோடு பிழையையும் எழுதுங்கள். சிக்னல் இரைச்சலைப் போல் 10 மடங்கு என்றால் பிழை சுமார் 0.1 மேக்னிட்யூட்.

நேரத்தில் கவனம். படக் கோப்பின் தலைப்பில் இருப்பது பொதுவாக எக்ஸ்போஷர் தொடங்கிய நேரம். அதோடு பாதி எக்ஸ்போஷரைச் சேர்த்து, டி-சுழியைக் கழிக்க வேண்டும்.

இப்போது உங்களிடம் 20ஆம் நிமிடத்தில் 18.0, 80ஆம் நிமிடத்தில் 19.5 என்று இரண்டு அளவுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நேரம் 4 மடங்கு; 4இன் மடக்கை 0.602. வித்தியாசம் 1.5ஐ, 2.5 × 0.602 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1. நேரத்துக்குத் தலைகீழ் விகிதம் என்று மேலே சொன்னது இதுதான். இதே போக்கு நீடித்தால் 320ஆம் நிமிடத்தில் 21.0 ஆக இருக்கும். மேலும் நேரம் கேட்பதா வேண்டாமா என்று இந்த எண்ணே சொல்லிவிடும்.

படி 7: ஒன்றும் தெரியாவிட்டால்

அடிக்கடி இப்படித்தான் ஆகும். உங்கள் படத்தில் தெரியும் மிக மங்கலான நட்சத்திரம் எது என்று பார்த்து, "இந்த நேரத்தில் இதைவிடப் பிரகாசமாக எதுவும் இல்லை" என்று எழுதுங்கள். அதற்கு மேல்வரம்பு என்று பெயர். தூசிக்குள் மறைந்த வெடிப்பையும் மிகத் தொலைவில் நடந்த வெடிப்பையும் அடையாளம் காண இந்த எண் உண்மையிலேயே பயன்படும்.

முடிவை வெளியிட ஜி.சி.என். சர்க்குலரே வழக்கமான இடம். ஆனால் அங்கே எழுத ஏற்கெனவே எழுதும் ஒருவரின் பரிந்துரை வேண்டும். ஏ.ஏ.வி.எஸ்.ஓ. போன்ற ஆர்வலர் அமைப்பில் சேர்ந்தால் அனுபவசாலிகள் கிடைப்பார்கள்.

எச்சரிக்கைக்காகக் காத்திருக்கும் நாட்களில் பயிற்சிக்கு ஏதாவது ஒரு சூப்பர்நோவாவை எடுத்து 5, 6 படிகளைச் செய்து பாருங்கள். லாஸ் கும்ப்ரெஸ் காப்பகத்தில் ஓராண்டு கடந்த படங்கள் பொதுவில் கிடைக்கின்றன; தொலைநோக்கி நேரம் கிடைக்கும் வரை அவற்றிலேயே கை பழக்கலாம்.