நானோபடிகக் காந்த நாடா: அனீலிங்கும் அளவீடும் பிழையில்லாமல் செய்ய

மென்காந்தங்களை, அதாவது எளிதில் காந்தமாகி எளிதில் காந்தம் இழக்கும் பொருட்களை, ஆராயத் தொடங்குபவர்களுக்குப் பொருத்தமான கலவை ஃபைன்மெட். அணு சதவீதத்தில் இரும்பு 73.5, சிலிக்கான் 13.5, போரான் 9, நியோபியம் 3, செம்பு 1. ஹிட்டாச்சி மெட்டல்ஸில் யோஷிசாவா குழுவினர் 1988-இல் இதை வெளியிட்டார்கள். ஒழுங்காகப் பதப்படுத்தினால் 10 முதல் 12 நானோமீட்டர் அளவுள்ள படிகங்கள் உருவாகும், காந்த நீக்குத்திறன் (காந்தத்தைப் பூச்சியமாக்கத் தேவையான எதிர்ப்புலம்) 1 ஆம்பியர்/மீட்டருக்கும் கீழே இறங்கும், தெவிட்டுநிலை (பொருள் ஏற்கக்கூடிய உச்சக் காந்தம்) 1.24 டெஸ்லா அளவில் நிற்கும். இதே நாடாவைத் தவறாகச் சூடேற்றினால் காந்த நீக்குத்திறன் நூறு மடங்கு ஏறிவிடும். இந்த இரண்டு முடிவுகளில் எது கிடைக்கும் என்பது பெரும்பாலும் உலையில் கழியும் அந்த ஒரு மணி நேரத்தைப் பொறுத்தது.

உருகிய கலவையைச் சுழலும் சக்கரத்தில் பாய்ச்சி வார்த்த நாடா சுமார் 18 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமனில், படிகமற்ற நிலையில் வரும். முதலில் ஒரு துண்டை முழுதாக மடித்துப் பாருங்கள். ஒடியாமல் வளைந்தால் நல்லது. ஒடிந்தால் வார்க்கும்போதே குளிர்ச்சி போதாமல் அங்கங்கே படிகம் உருவாகியிருக்கலாம். எக்ஸ் கதிர் சோதனையில் நாடாவின் இரு முகங்களையும் பாருங்கள். சக்கரத்தைத் தொடாத பளபளப்பான முகம்தான் மெதுவாகக் குளிர்ந்தது, எனவே தேவையற்ற படிகம் முதலில் அங்கேதான் தலைகாட்டும்.

நாடாவை வளையமாகச் சுற்றும்போது இழுவிசை குறைவாக இருக்கட்டும். முனையை ஒட்டுநாடாவால் ஒட்டாதீர்கள், அது உலையில் கருகிப் படியும். ஸ்பாட் வெல்டிங் செய்யலாம், அல்லது மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியால் தளர்வாகக் கட்டலாம். எல்லாச் சுற்று வேலையையும் இப்போதே முடித்துவிடுங்கள். அனீலிங்குக்கு, அதாவது உலையில் சூடேற்றிப் பதப்படுத்துவதற்கு, பிறகு நாடா கண்ணாடிபோல நொறுங்கும்.

அடுத்தது உலை. நைட்ரஜன் அல்லது ஆர்கான் ஓடட்டும். நாடா நீலம் பாய்ந்து வெளிவந்தால் ஆக்ஸிஜன் உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். நிமிடத்துக்கு 5 முதல் 10 டிகிரி வீதம் 470 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி, அங்கே அரை மணி நேரம் நிறுத்துங்கள், வளையம் முழுவதும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும். அதன் பின் நிமிடத்துக்கு 1 அல்லது 2 டிகிரி மட்டும் ஏற்றி 540-ஐத் தொடுங்கள். அங்கே ஒரு மணி நேரம்.

ஏன் இவ்வளவு நிதானம்? படிகமாதல் வெப்பம் உமிழும் மாற்றம். வளையம் கனமாக இருந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கி, உலையின் காட்டி 540 என்று காட்டும்போதே வளையத்தின் நடுப்பகுதி பல பத்து டிகிரி மேலே போயிருக்கும். 600-ஐ ஒட்டியும் தாண்டியும் போனால் இரும்பு போரைடு உருவாகத் தொடங்கும். சிறிதளவு போரைடே காந்தத்தைக் கடினமாக்கிவிடும், அதைத் திருப்ப முடியாது. எனவே வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிளின் முனை வளையத்தைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும், உலைச் சுவரை அல்ல. இந்த ஒன்றைக் கவனிக்காமல் கலவையைக் குறைசொல்பவர்கள் அதிகம்.

உள்ளே நடப்பது இதுதான். செம்பு அணுக்கள் முதலில் சிறு கொத்துகளாகச் சேரும். அவற்றை ஒட்டி இரும்பு-சிலிக்கான் படிகங்கள் முளைக்கும். படிகத்தில் இடம் கிடைக்காத நியோபியமும் போரானும் வெளியே தள்ளப்பட்டு, மிச்சமிருக்கும் படிகமற்ற பகுதியில் குவிந்து, படிகம் மேலும் வளராமல் தடுக்கும். ஒவ்வொரு படிகத்துக்கும் காந்தமாக எளிதான திசை வேறு. படிகம் சுமார் 35 முதல் 40 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் இந்தத் திசைகள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். காந்தப்பொருள் ஆய்வாளர் ஹெர்ஸர் காட்டிய கணக்குப்படி அந்த எல்லைக்குள் காந்த நீக்குத்திறன் படிக அளவின் ஆறாம் அடுக்கில் ஏறும். படிகம் இருமடங்கானால் 64 மடங்கு!

படிக அளவை எக்ஸ் கதிர் விளிம்பு விளைவிலிருந்து ஷெரர் சமன்பாட்டால் எடுக்கலாம்: 0.9-ஐ அலைநீளத்தால் பெருக்கி, உச்சியின் அரை உயர அகலத்தையும் (ரேடியனில்) பிராக் கோணத்தின் கொசைனையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். செம்புக் குழாயின் 0.154 நானோமீட்டர் கதிரில் முதன்மை உச்சி 45 டிகிரி அருகே விழும் (பிராக் கோணம் இதில் பாதி). 12 நானோமீட்டர் படிகத்துக்கு அகலம் சுமார் 0.72 டிகிரி. 40 நானோமீட்டருக்கோ வெறும் 0.21 டிகிரிதான். அந்த நிலையில் கருவியின் சொந்த அகலத்தைக் கழிக்காவிட்டால் விடை பொய். செம்புக் கதிர் இரும்பை ஒளிரச் செய்து பின்னணி இரைச்சலைக் கூட்டும். கோபால்ட் குழாய் இருந்தால் அதுவே மேல்.

காந்த அளவீட்டில் அதிகம் பேர் சறுக்குவது குறுக்குப் பரப்பில். உள்விட்டம் 20, வெளிவிட்டம் 25, உயரம் 10 மி.மீ. உள்ள வளையத்துக்கு அளவுகோல் தரும் பரப்பு 25 சதுர மி.மீ. ஆனால் சுற்றுகளுக்கிடையே காற்று இருக்கிறதே. எடை 10 கிராம், அடர்த்தி 7.3 கிராம்/கன செ.மீ., சராசரிப் பாதை 7.07 செ.மீ. என்று கணக்கிட்டால் உண்மையான உலோகப் பரப்பு 19.4 சதுர மி.மீ. மட்டுமே. இதை விட்டுவிட்டால் 1.24 டெஸ்லா தாளில் 0.96 ஆகிவிடும். எடையிலிருந்தே பரப்பை எடுங்கள்.

புலம் ஏறி இறங்கும்போது காந்தம் மாறுவதைக் காட்டும் தயக்கக் கண்ணியை வரைய முதன்மைச் சுற்று 10, துணைச் சுற்று 10 போதும். முதலில் மாறுமின்னோட்டத்தைப் பெரிதாகக் கொடுத்து மெல்லக் குறைத்து, பழைய காந்தத்தைக் கழித்துவிடுங்கள். இந்த வளையத்தில் 10 சுற்றில் 10 மில்லி ஆம்பியரே 1.4 ஆம்பியர்/மீட்டர் புலம் தந்துவிடும் என்பதால், மின்னோட்டத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்த வேண்டும். அதிர்வெண்ணையும் எழுதி வையுங்கள். சுழல் மின்னோட்டம் கண்ணியை அகலப்படுத்துவதால், உயர் அதிர்வெண்ணில் அளந்ததை நேர்மின்னோட்ட மதிப்பாகச் சொல்ல முடியாது. விரைவான சோதனைக்கு இன்டக்டன்ஸ் மீட்டர் உதவும். ஒப்புமை உட்புகுதிறன் (வெற்றிடத்தைவிட எத்தனை மடங்கு எளிதாகக் காந்தமாகிறது என்பது) 80,000 என்றால் 10 சுற்றில் சுமார் 2.8 மில்லி ஹென்றி காட்டும்.

அதிர்வு மாதிரி காந்தமானி (மாதிரியை அதிரச் செய்து அதன் காந்தத்தை அளக்கும் கருவி) இருக்கிறதென்று சிறு துண்டை வெட்டி அதில் காந்த நீக்குத்திறனை எடுக்காதீர்கள். தெவிட்டுநிலைக்கு அது நல்ல கருவி. ஆனால் அதன் பெரிய காந்தத்தில் எஞ்சும் புலமே இந்தப் பொருளின் காந்த நீக்குத்திறனைவிடப் பல மடங்கு. புவிக்காந்தப் புலம்கூட ஏறத்தாழ 40 ஆம்பியர்/மீட்டர்.

புதிய நாடாச் சுருள் கிடைத்ததும் 500, 520, 540, 560, 580, 600 டிகிரியில் ஆறு சிறு வளையங்களைப் பதப்படுத்தி, காந்த நீக்குத்திறனை வரைபடமாக்குங்கள். குறைந்த வெப்பநிலைப் பக்கம் மதிப்பு உயர்ந்திருந்தால் படிகமாதல் முடியவில்லை. அதிக வெப்பநிலைப் பக்கம் செங்குத்தாக ஏறினால் போரைடு வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே பள்ளம் அகலமாக இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மிகக் குறைந்த ஒற்றைப் புள்ளியை நம்பினால், உலை சற்றுத் தடுமாறினாலும் மாதிரி வீணாகும்.

கண்ணி சாய்வாக வேண்டுமென்றால் குளிரும்போது நாடாவின் அகலத் திசையில் காந்தப் புலம் கொடுங்கள். சதுரமாக வேண்டுமென்றால் நீளத் திசையில்.

முடிந்த வளையத்தைப் பிளாஸ்டிக் உறையில், மென்மையான சிலிக்கோன் நடுவே வையுங்கள். எப்பாக்ஸி இறுகும்போது சுருங்கி நாடாவை அழுத்தும், உட்புகுதிறன் விழும். கம்பியை உறையின் மேல்தான் சுற்ற வேண்டும். உடைந்த நாடாத் துணுக்குகள் கண்ணில் தெறிக்கும் அளவுக்குக் கூர்மையானவை, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள்.